ஸ்டிக்கர் ஒட்டாத பழம்

பனியன் கம்பெனிகளின் ஹெல்த் ரூமுக்கு டயட்டீஷியனாகப் போகிற நீங்கள் ஆறு பேரும் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். நேரில் பேசினால் நான் பாதிப் பேச்சில் யாரையாவது திட்ட ஆரம்பித்துவிடுவேன் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். பரவாயில்லை, எழுதுகிறேன். நல்லதாக நான் செய்த வேலைகள் நிறைய இருக்கின்றன, அதையெல்லாம் என் பணி ஓய்வு விழாவில் மாலை போட்டுச் சொல்லிவிட்டார்கள். நான் எழுதப் போவது அந்த மேடையில் யாரும் சொல்லாத ஒன்று.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்களிடம் ஒரு கேள்வி வரும். "மேடம், இந்தப் பழத்தத் திங்கலாமுங்களா, வேண்டாமுங்களா?" அவ்வளவுதான் கேள்வி. கேட்கிறவர் டீ டைமில் வந்திருப்பார். பத்து நிமிஷத்தில் டீ குடித்து, வடை தின்று, கழிப்பறைக்குப் போய், வீட்டுக்கு ஒரு போன் பேசி, மறுபடி மெஷினில் உட்கார வேண்டும். உங்களுக்கு மிஞ்சுவது அரை நிமிஷம். நார்ச்சத்து, சர்க்கரை அளவு, எத்தனை கிராம் என்று நீங்கள் ஆரம்பிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

இந்த அரை நிமிஷத்துக்காகத்தான் நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். நாக்கில் வைத்தால் இனிக்கிறதா, சுகர்காரருக்கு வேண்டாம். இனிக்கவில்லையா, தாராளமாகச் சாப்பிடலாம். படிக்காதவருக்கும் புரியும், ஒடிசாவிலிருந்து வந்தவருக்கும் புரியும். காலேஜில் எனக்கு இப்படிச் சொல்லித் தரவில்லை. தர்பூசணி நாக்கில் அப்படி இனித்தாலும் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதும், பழுத்த பப்பாளியில் இரண்டு துண்டு சுகர்காரரை ஒன்றும் செய்யாது என்பதும், புளிக்கிற பழத்திலும் சர்க்கரை ஒளிந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சுருக்கினேன். சுருக்கிச் சொல்வதே பெரிய திறமை என்று எனக்கு அப்போது ஒரு எண்ணம் இருந்தது.

வேலம்பாளையத்தை ஒட்டி இருந்தது எங்கள் கம்பெனி. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. கேன்டீனைக் கந்தசாமி அண்ணன் பார்த்துக்கொண்டார். சேவூர்க்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், எந்நேரமும் தோளில் ஒரு துண்டு, எதற்கெடுத்தாலும் ஒரு கிண்டல். மார்க்கெட்டில் இருந்து பழம் வந்ததும் ஒவ்வொரு கூடையிலும் ஒன்றை வெட்டி ஒரு கீற்றைத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டுவார். நான் கடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வேன். "மேடம் கடிச்சா பாஸுங்க" என்று சமையல்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். பதினோரு வருஷம் இது நடந்தது.

கம்பெனியில் ஒருமுறை எல்லோருக்கும் விரலில் குத்திச் சுகர் பார்த்தோம். நாங்கள் நினைத்ததைவிட அதிகம் பேருக்கு இருந்தது. சர்க்கரையைப் பார்த்தோமே தவிர வேறு எதையும் பார்க்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அத்தனை பேருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் செக்கிங் டேபிளில் அந்த ஸ்டிக்கர் கண்ணில் பட்டது.

நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். தைத்து முடித்த பனியனை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து, உள்ளும் புறமும் புரட்டிப் பார்ப்பது செக்கரின் வேலை. ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். ஸ்டிக்கர் இருந்தால் அந்த பீஸ் திரும்பிப் போகும். இல்லாவிட்டால் பேக்கிங்குக்குப் போய்க் கப்பல் ஏறும்.

அந்த டேபிளின் மூத்த செக்கர் ஜெபராஜ். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து கல்யாணமான புதிதில் இங்கே வந்தவர். மனைவி எஸ்தர் அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தார். ஜெபராஜின் கையைத் தாண்டி ஒரு குறை வெளியே போனதில்லை என்று ஆர்டர் பார்க்கும் மெர்ச்சன்டைசர்கள் சொல்வார்கள். அவரிடம் ஒரு ரோல் ஸ்டிக்கர் கேட்டேன். எதற்கு என்றார். இனிக்கிற பழத்தில் எல்லாம் ஒட்டப் போகிறேன், சுகர்காரர்கள் பார்த்து விலகிக்கொள்வார்கள் என்றேன். அவருக்கே சுகர் வந்து பத்து வருஷம். சிரித்துக்கொண்டே இரண்டு ரோல் கொடுத்தார்.

வாழைப்பழம், சப்போட்டா, மாம்பழம், சீத்தாப்பழம், திராட்சைக் கொத்து எல்லாவற்றிலும் சிவப்பு அம்பு. கொய்யா, நெல்லி, நாவல் மூன்றும் சும்மா. கேன்டீன் வாசலில் ஒரு போர்டும் வைத்தேன். இரண்டே வாரத்தில் கம்பெனி முழுக்க அதுதான் பேச்சு. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வந்தபோது பழக்கூடையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். நான் தரையில் நடக்கவே இல்லை.

ஒரு மாதத்தில் கந்தசாமி அண்ணன் வந்தார். "ஏனுங்க மேடம், வாழப்பழம் தாருக்குத் தாரு மிஞ்சுதுங்க. பொட்டப் புள்ளைக ஒண்ணுகூடத் தொட மாட்டீங்குது" என்றார். ஹாஸ்டலில் தங்கியிருந்த இருபது வயதுப் பெண்கள். அவர்களில் பாதிப் பேர் ரத்தம் குறைந்து வெளுத்துப்போய்ச் சரியாகச் சாப்பிடாமல் வேலைக்கு வருகிறவர்கள். அவர்கள் நிறையப் பழம் சாப்பிட வேண்டும், இனிப்பான பழமாக இருந்தாலும் சாப்பிட வேண்டும். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு ஏன் கண்ணு சாப்பிடறதில்லை என்று கேட்டேன். "ஸ்டிக்கரு ஒட்டுனது டேமேஜ்தானுங்க மேடம்" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதை வீட்டில்கூடச் சொல்லிச் சிரித்தேன்.

அன்றைக்குச் சிரிக்காமல் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. நான் சுகர்காரருக்கு என்று ஒட்டிய ஸ்டிக்கரை அவர்கள் பழத்தின் மேல் இருந்த குறையாகப் படித்தார்கள். அதையே திருப்பிப் பாருங்கள். ஸ்டிக்கர் இல்லாத பழம் அவர்களுக்குப் பாஸான பழம். யாரோ அதை வெளிச்சத்தில் விரித்து உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்துவிட்டார், இனி இது யாருக்கும் போகலாம். நான் பார்த்ததோ இனிப்பு என்ற ஒன்றை மட்டும், அதுவும் நாக்கு நுனியில்.

ஜெபராஜுக்குப் பழம் என்றால் உயிர். சுகர் வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். என் போர்டை அவரைப்போல யாரும் மதித்ததில்லை. ஒருநாள் கேன்டீனில் சப்போட்டாக் கூடையைப் பார்த்தபடி நின்றார். "பழம்னு ஒண்ண வாய் நெறையத் தின்னு எத்தன வருசமாச்சு மேடம். கொய்யாவும் நெல்லிக்காயும் தின்னு பல்லு கூசிப்போச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த மனிதருக்கு ஏதாவது ஒரு நல்ல பழம் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும் என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கந்தசாமி அண்ணனின் உறவுக்காரர் மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலைப்பக்கம் இருந்து இரண்டு பெட்டி ஸ்டார் ஃப்ரூட் கொண்டுவந்தார். மஞ்சளும் பச்சையுமாக, குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரமாக விழும் பழம். கந்தசாமி அண்ணன் ஒரு கீற்றை நீட்டினார். கடித்தேன். புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு, நிறையத் தண்ணீர். இனிப்பு கிட்டத்தட்ட இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

நானே செக்கிங் டேபிளுக்குப் போனேன். அண்ணா, உங்களுக்காகவே வந்த மாதிரி ஒரு பழம் வந்திருக்கிறது, வயிறு நிறையச் சாப்பிடுங்கள் என்றேன். அங்கேயே ஒன்றை உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றார். அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சாயந்திரம் ஒரு பை நிறையப் போட்டு எஸ்தரிடம் கொடுத்தனுப்பினேன். சர்க்கரை மட்டும் சேர்க்காதீர்கள், மற்றபடி ஜூஸாகக்கூட அடித்துக் கொடுங்கள் என்று வேறு சொன்னேன்.

மறுநாள் காலையில் ஜெபராஜுக்கு விக்கல்.

டேபிளில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். ஊரில் யாரோ நினைக்கிறார்கள் அண்ணாச்சி, யாரென்று அக்காவிடம் சொல்லட்டுமா என்று. தண்ணீர் குடித்தார், மூச்சை அடக்கினார், நிற்கவில்லை. பதினொரு மணிக்கு ஹெல்த் ரூமுக்கு வந்தார். சுகர் பார்த்தேன், நன்றாக இருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. எப்படி இருக்கிறது பாருங்கள் அண்ணா, பழம் சாப்பிட்டும் சுகர் ஏறவில்லை என்றேன். வாயுவுக்கு ஒரு மாத்திரை கொடுத்து டேபிளுக்கு அனுப்பிவைத்தேன். இரண்டரை மணி நேரம் அப்படியே வீணாகப் போனது. அந்த இரண்டரை மணி நேரத்தை நான் யார் மேலும் போட முடியாது.

மதியம் ஒன்றரைக்குச் செக்கிங் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். போய்ப் பார்த்தேன். ஜெபராஜ் டேபிளில் ஒரு வெள்ளை பனியனை விரித்து வைத்திருந்தார். அதில் குறை ஒன்றும் இல்லை. அதன் மேல் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டே இருந்தார். கழுத்தில், கையில், மார்பில், ஒன்றின் மேல் ஒன்றாக. ஒரு ரோல் முழுக்கத் தீர்ந்திருந்தது. விக்கல் நிற்கவில்லை. அண்ணா என்றேன், நிமிர்ந்து பார்த்தார். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

கம்பெனி வேனில் ஏற்றினோம். எஸ்தர் பேக்கிங்கில் இருந்து ஓடிவந்து ஏறினார். வழியில் ஜெபராஜ் ஒருமுறை வாந்தி எடுத்தார். சுகர் இறங்கிவிட்டதோ என்று வேனிலேயே மறுபடி குத்திப் பார்த்தேன், இறங்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் அந்தச் சின்ன மெஷின்தான். அது எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்த டாக்டர் பக்கவாதமாக இருக்கலாம், தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். அதற்கு ஆட்கள் தயாராகிக்கொண்டிருந்தபோது வேறொரு நோயாளிக்காகக் கீழே வந்த பெரிய டாக்டர் ஒருவர் கட்டிலருகே நின்றார். வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். கொஞ்ச நேரம் அந்த விக்கலையே கேட்டுக்கொண்டு நின்றார். எப்போதிருந்து விக்கல் என்று கேட்டார். பிறகு என்னிடம் திரும்பி, நேற்றிலிருந்து என்ன சாப்பிட்டார் என்றார்.

நான் சட்டென்று, "இனிப்பா எதுவும் சாப்பிடலீங்க டாக்டர். என் லிஸ்ட்டத் தாண்டவே மாட்டாருங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "இனிப்பா இல்லையான்னு நான் கேக்கலீங்கம்மா. என்ன சாப்பிட்டாருன்னு கேட்டேன்."

பிள்ளைகளே, வேலையில் எத்தனையோ பேர் என்னிடம் கத்தியிருக்கிறார்கள், அதெல்லாம் மறந்துபோனது. இந்த மெதுவான பேச்சு மட்டும் மறக்கவில்லை. அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பதே அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வருஷமாக எனக்குள் அந்த ஒரு கேள்விதான் இருந்திருக்கிறது.

இட்லி, சாம்பார், ஸ்டார் ஃப்ரூட் என்று சொன்னேன். எவ்வளவு என்றார். எஸ்தர்தான் சொன்னார். முந்தின நாள் நாலைந்து பழம், காலையில் வெறும் வயிற்றில் ஆறு பழத்தை அடித்து வடிகட்டி இரண்டு டம்ளர். டாக்டர் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டிருந்த ஸ்ட்ரெச்சரைக் கைகாட்டி நிறுத்தினார். எஸ்தரிடம், கிட்னியில் ஏதாவது தொந்தரவு உண்டா, எப்போதாவது டெஸ்ட் எடுத்ததுண்டா என்று கேட்டார்.

எஸ்தர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை நான் உடனே புரிந்துகொண்டேன் என்று எழுதினால் பொய். அவர் பயந்துபோயிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சொல்லுங்கள் அக்கா, சொல்லுங்கள் என்று தோளைத் தொட்டேன். நான் தொட்டதும் இன்னும் இறுகிப்போனார். அப்போதுதான் என் கழுத்தில் தொங்கிய கம்பெனி ஐ.டி. கார்டு அவர் கண்ணுக்கு நேராக ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கட்டிலில் விக்கிக்கொண்டிருப்பவர் அவர் புருஷன். இங்கே நான் கம்பெனி. அந்த நிமிஷத்தில் எதற்கு இந்தம்மாவுக்குப் பிடிவாதம் என்று கத்தியிருக்கலாம், பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள். எனக்கும் வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். "எஸ்தரக்கா, நான் வெளிய போயிடறேன். நீங்க டாக்டர்கிட்டச் சொல்றது எதுவும் கம்பெனிக்குப் போகாதுங்க. எங்கிட்டயும் வர வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தேன்.

நாலு எட்டு வைப்பதற்குள் பின்னால் குரல் கேட்டது.

"போன வருசமே சொல்லிட்டாவ டாக்டரய்யா, கிட்னி முக்காவாசி போச்சுன்னு. டேபிள விட்டு எறக்கிருவாவ, யாருட்டயும் சொல்லாதன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாவ."

டாக்டருக்கு அது போதும். நல்ல கிட்னி உள்ளவருக்கு அந்தப் பழத்தை அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. கிட்னி கெட்டவரின் உடம்பில் அதிலுள்ள நஞ்சு வெளியேறாமல் தங்கி மூளைக்கு ஏறும், விக்கல்தான் பெரும்பாலும் முதல் அடையாளம், வலிப்பு வந்து உயிரே போகலாம் என்று அவர் நடந்துகொண்டே சொன்னார். தாமதிக்காமல் டயாலிசிஸில் போட்டார்கள். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை. படித்திருந்தாலும் பயனில்லை, அவருக்குக் கிட்னி எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றாதவளுக்கு அந்தப் பக்கம் எதற்கு?

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கந்தசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். மிச்சமிருக்கிற பெட்டியைக் குப்பையில் கொட்டுங்கள், யாருக்கும் ஒரு கீற்றுகூடப் போகக்கூடாது என்றேன். "கொட்டிப்போடறனுங்க" என்றார். வழக்கமாக ஒரு கிண்டல் வரும், அன்று வரவில்லை. ஜெபராஜுக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளும் டயாலிசிஸ் செய்தார்கள். மூன்றாம் நாள் விக்கல் நின்றது. அன்று நான் போனபோது என்னைப் பார்த்து, "வாங்க மேடம்" என்றார். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்தான் அண்ணா உங்களுக்கு அதைக் கொடுத்தேன், என் தப்பு, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் எஸ்தரைப் பார்த்தார். நானும்தானே மறைத்தேன், சொல்லியிருந்தால் நீங்கள் கொடுத்திருப்பீர்களா என்றார். என் பாரத்தைப் பாதி வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் விடவில்லை. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா அண்ணா என்றேன். நேர்மையான மனிதர், யோசித்தார்.

"சொல்லிருக்க மாட்டேன் மேடம். ஒங்க ரூம்பு கதவத் தொறந்தா எதுத்தாப்புல ஹெச்.ஆர். டேபிளுல்லா இருக்கு. அங்க வந்து எவன் தன் சீக்கச் சொல்லுவான்?"

அந்த ரூமுக்கு ஏசி போட்டுக் கொடுத்தபோது நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? கண்ணாடிக் கதவு, என் பெயர் எழுதிய போர்டு. அந்தக் கதவு வழியாக எத்தனை பேர் பாதி உண்மையோடு உள்ளே வந்து பாதி உண்மையோடு வெளியே போனார்களோ, யாருக்குத் தெரியும்?

அடுத்து என்ன செய்வது என்பதுதான் பெரிய குழப்பம். ஜெபராஜைப்போல மறைத்துவைத்திருப்பவர்கள் இன்னும் எத்தனை பேர்? ஸ்டார் ஃப்ரூட்டைக் கொட்டியாயிற்று, ஆனால் நாளைக்கு அவர்களே கடையில் பார்த்தால் வாங்குவார்கள். மேடம் கடித்துப் பாஸ் சொன்ன பழம் ஆயிற்றே. அதுமட்டும் இல்லை, கிட்னி கெட்டவருக்கு வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர்கூட அளவு பார்த்துத்தான். என் கூடையில் அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு அம்புகூட இல்லை. எல்லோரையும் கூட்டி நான் செய்தது தவறு என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஹெச்.ஆர். தம்பிக்கு அதில் விருப்பம் இல்லை. கெட்டவர் இல்லை, பாவம், அடுத்த வாரம் ஆடிட். போர்டைக் கழற்றிவிடுங்கள், ஸ்டிக்கரை நிறுத்திவிடுங்கள், மைக்கில் எல்லாம் எதற்கு, ஆட்கள் பயந்துபோவார்கள் என்றார். போர்டு போனால் போதும் என்று எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை, ஜெபராஜ் குறை சொல்லவில்லை, நான் வாயை மூடிக்கொண்டால் போதும். அந்த ஆசை உங்களுக்கும் வரும், வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எஸ்தர் என் ஐ.டி. கார்டைப் பார்த்த பார்வைதான் என்னை விடவில்லை. கடைசியில் ஹெச்.ஆர். தம்பி, நோயாளியின் பெயரைச் சொல்லக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு டீ டைமில் பத்து நிமிஷம் கொடுத்தார். அந்த நிபந்தனை நியாயமானதுதான்.

மைக் பிடித்துப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. அயர்னிங்கில் வேலை பார்த்த சுனிதா நான் சொல்லச் சொல்ல இந்தியில் சொன்னாள். ஸ்டிக்கர் ஒட்டியது நான், இனிப்பை மட்டும் பார்த்து ஒட்டினேன், அது தப்பு என்றேன். வாழைப்பழத்தில் குறை இல்லை, உடம்பில் ரத்தம் குறைந்த பிள்ளைகள் அதைச் சாப்பிட வேண்டும் என்றேன். ஸ்டிக்கர் இல்லாத பழம் எல்லோருக்கும் நல்லது இல்லை, நான் நல்லது என்று கையில் கொடுத்த பழத்தால் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றேன். கிட்னி தொந்தரவு இருக்கிறவர்கள் என்னிடம் வந்து சொல்லுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முடித்தேன்.

யாரும் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, ஒருவர்கூட வரவில்லை. முன்பு வழியில் பார்த்தால் பழம் பற்றிக் கேட்கிறவர்கள்கூட வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். இத்தனை வருஷம் சம்பாதித்த நம்பிக்கை போய்விட்டது என்று எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

அப்புறம்தான் ஜெபராஜ் கதவைப் பற்றிச் சொன்னது மண்டையில் ஏறியது. மைக்கில் கூப்பிட்டதும் அதே கண்ணாடி ரூமுக்குத்தானே? ஆள் வைத்து என் மேஜையைத் தூக்கினேன். கேன்டீனுக்குப் பின்னால் தட்டு கழுவுகிற இடத்தை ஒட்டி, விறகும் காலி சிலிண்டரும் கிடந்த ஒரு சின்ன மறைவில் போட்டேன். ஃபேன் இல்லை, ஏசி இல்லை. அங்கே ஒருவர் வந்து நின்றால் தட்டுக் கழுவ வந்திருக்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நீங்கள் போகிற கம்பெனியில் முதல் வேலையாக உங்கள் நாற்காலி எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். டயட் சார்ட்டை அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம்.

ஜெபராஜ் பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு வந்தார். கிட்னி பழைய நிலைமைக்குத் திரும்பியது, ஆனால் அந்தப் பழைய நிலைமையே மோசம்தான். தன் வாயாலேயே முதலாளியிடம் போய்ச் சொன்னார். உட்கார்ந்து பார்க்கிற மாதிரி டேபிளைத் தாழ்த்திக் கொடுத்தார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர் ஒரு ஷிப்ட்தான் பார்க்கிறார். இப்போது வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், மற்ற நாள் செக்கிங். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இருந்து வரும்போது சில சமயம் என் வீட்டுக்கு வருவார்கள். நான் ஆப்பிளைத் தோல் சீவி, அவருக்கு என்று அளந்த நாலு துண்டு வைப்பேன். இனிக்கிறது மேடம் என்று சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்.

மேஜையை மாற்றிப்போட்ட நாலாவது நாள். டீ டைம் முடிந்து எல்லோரும் மெஷினுக்குப் போய்விட்டார்கள். கந்தசாமி அண்ணன் சிலிண்டரை எடுக்க வந்தார். எடுத்தார், மறுபடி வைத்தார். சிலிண்டர்காரன் நேரத்துக்கு வருவதில்லை என்று ஏதோ பேசினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் சட்டையின் உள்பையில் இருந்து பால் கவருக்குள் மடித்துவைத்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

பிரித்தேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டு. இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. கிட்னிக்கான எண் அப்போதே இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது.

"கேன்டீன்ல சீக்காளிய வெச்சிருக்க மாட்டாங்கல்லங்க மேடம். அதான் சொல்லலீங்க. எங்கூட்டுக்காரிக்கே பாதிதானுங்க தெரியும்" என்றார்.

அன்றைக்கு அந்தப் பழத்தை நீங்கள் சாப்பிட்டீர்களா அண்ணா என்று கேட்டேன்.

"ஒரு கீத்து வாயில வெச்சனுங்க. புளிப்பு எனக்கு ஆகவே ஆகாதுங்க, துப்பிப்போட்டேன். கொஞ்சம் இனிச்சிருந்தா நாலு பழம் தின்னிருப்பனுங்க."

சொல்லிவிட்டு அவர் வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. பதினோரு வருஷம் தினமும் என் பக்கத்தில் நின்று பழம் வெட்டிக் கொடுத்த மனிதர். உடம்புக்கு எப்படி இருக்கிறது அண்ணா என்று நான் அவரை ஒருநாள்கூடக் கேட்டதில்லை.